பழைய கல்யாண கேசட்டுக்கு எந்த கேப்சர் கருவி? ஹாப்பாக் யூஎஸ்பி-லைவ்2 பற்றி

விஎச்எஸ் கேசட்டைக் கணினியில் ஏற்ற என்ன வாங்கலாம் என்று தேடினால் முதலில் வந்து நிற்பது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், யூஎஸ்பி-யில் செருகும் கறுப்பு டாங்கிள்தான். அடுத்து வருவது ஏவி-யை எச்டிஎம்ஐ ஆக மாற்றும் சின்னப் பெட்டி. இரண்டையும் வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் ஹாப்பாக் யூஎஸ்பி-லைவ்2 என்ற கருவியில் வந்து நின்றிருக்கிறேன். எங்கள் வீட்டுக் கேசட்டுகளில் பெரும்பாலானவை இதில்தான் ஏறின. விலை அந்த டாங்கிளைப் போலப் பல மடங்கு. அது தகுமா என்று கேட்டால், தகும். ஆனால் இதை மட்டும் வாங்கினால் போதாது. கேசட்டை ஓட்டும் டெக்கும், இடையில் ஒரு பழைய டிவிடி ரெக்கார்டரும் இல்லாவிட்டால் இதன் அருமை பாதிகூடத் தெரியாது.

முதலில் எங்களிடம் இருந்தவை என்னவென்று சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் உங்கள் கேசட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். எல்லாம் திருச்சியில் எடுத்தவை. அக்கா கல்யாணம், தாத்தாவின் அறுபதாம் கல்யாணம், அண்ணன் மகன் காதுகுத்து, பொன்மலையில் கட்டிய வீட்டின் கிரகப்பிரவேசம். தொண்ணூறுகளில் தோளில் வைத்து எடுக்கும் பேனசானிக் கேமராவோடு வருவார்களே, அந்த வீடியோக்காரர்கள் எடுத்தது. பிறகு மிக்ஸிங் செய்து, மஞ்சள் எழுத்தில் பெயர் போட்டு, மூன்று மணி நேர ஈ-180 கேசட்டில் கொடுத்தார்கள். அதாவது நம் கையில் இருப்பதே ஒரு பிரதி. கேமராவில் ஓடிய மூலக் கேசட்டை வீடியோக்காரர் அடுத்த கல்யாணத்துக்கு எடுத்துப் போயிருப்பார். ஆகவே படம் ஏற்கெனவே ஒரு படி மங்கியிருக்கும். இனி எதையும் இழக்க இடமில்லை.

கேப்சர் கருவியின் வேலை சுலபம் போலத் தெரியும். மஞ்சள் பின்னில் படம் வருகிறது, வெள்ளை, சிவப்பில் ஒலி வருகிறது, கணினிக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதானே? சிக்கல் கேசட்டில் இருக்கிறது. இந்தியாவில் பிஏஎல் (PAL) என்ற டிவி முறை. ஒரு படத்துக்கு 625 வரிகள், அதில் கண்ணுக்குத் தெரிவது 576. நொடிக்கு 25 படங்கள், ஒவ்வொன்றும் ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என்று இரண்டு பாதிகளாக, ஆக நொடிக்கு 50 பாதிகள். நாடா முப்பது வருடம் பரணில் வெந்து இழுபட்டிருக்கும்போது ஒவ்வொரு வரியும் சரியான நேரத்தில் தொடங்காது. ஒன்று கொஞ்சம் முந்தும், ஒன்று பிந்தும். பழைய பிக்சர் டியூப் டிவி இதைப் பொறுத்துக்கொண்டு காட்டிவிடும். டிஜிட்டல் கருவி பொறுக்காது. சிக்னல் ஆடிய இடத்தில் அது ஒரு படத்தை விட்டுவிடும், அல்லது நீல நிறத் திரையைக் காட்டும், அல்லது கேசட்டில் திருட்டுப் பிரதித் தடை இருக்கிறது என்று தப்பாக நினைத்துப் பதிவையே நிறுத்திவிடும். ஒரு கருவி நல்லதா இல்லையா என்பது இந்த இடத்தில்தான் தெரிகிறது. நல்ல கேசட்டைப் போட்டால் எல்லாக் கருவியும் ஒழுங்காகத்தான் வேலை செய்யும்.

இதைச் சோதிக்க கல்யாண கேசட்டைவிடச் சிறந்த பொருள் கிடையாது. தாலி கட்டும் நேரத்துக் கெட்டிமேளத்தைப் பாருங்கள். தவில்காரரின் வலது கையில் விரல் கூடுகள் தோலில் படுவதும், இடது கைக் குச்சி இறங்குவதும் தெளிவாகத் தெரியும். குச்சி இறங்கும் படமும் சத்தமும் ஒன்றாக வருகிறதா என்று கேசட்டின் தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை பார்த்தால் போதும். அந்தக் கறுப்பு டாங்கிளில் ஏற்றியதில், மாப்பிள்ளை அழைப்பு நாதஸ்வரம் சரியாக இருந்தது. இரண்டு மணி நேரம் தாண்டி, பந்தி முடிந்து ஊர்வலம் வரும்போது குச்சி இறங்கி, மறுபடி மேலே போன பிறகு சத்தம் வந்தது. காரணம், வழியெல்லாம் படங்களை விட்டுவிட்டு, ஒலியை மட்டும் முழுதாக எழுதியிருக்கிறது. ஒலியை மொத்தமாக நகர்த்திச் சரிசெய்யவும் முடியாது, ஏனென்றால் விட்ட இடங்கள் அங்கங்கே சிதறிக் கிடக்கின்றன.

இரண்டாவது சோதனை வேட்டி. மணவறையில் உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளையின் பட்டு வேட்டியில் மடிப்பு தெரிகிறதா? வீடியோக்காரர்கள் ஆயிரம் வாட் விளக்கை முகத்துக்கு நேரே பிடித்து எடுத்த காலம் அது. கேசட்டிலேயே வெண்மை உச்சத்தில் இருக்கும். டாங்கிளில் அந்த வேட்டி, அய்யரின் அங்கவஸ்திரம், பின்னால் இருந்த சுவர் மூன்றும் ஒரே வெள்ளைத் தகடாகிவிட்டன. டிரைவரில் வெளிச்சத்தைக் குறைக்கும் பட்டை இருந்தது, குறைத்தால் வெள்ளைத் தகடு சாம்பல் தகடானது. மடிப்பு வரவில்லை. கருவிக்குள்ளேயே வெட்டுப்பட்டுவிட்டால் பிறகு எந்தப் பட்டையை இழுத்தும் பயனில்லை.

நான் வாங்கிய டாங்கிளின் உறையில் எந்தக் கம்பெனி பெயரும் இல்லை. இந்த வகைக்கு ஈஸிகேப் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். வெளியே ஒரே ஓடு, உள்ளே எஸ்டிகே1160, யூடிவி007, சோமேஜிக் என்று ஏதோ ஒரு சிப். யாரோ ஒருவர் "எனக்கு நன்றாக வேலை செய்தது" என்று எழுதியிருப்பதை நம்பி வாங்கினால், உங்களுக்கு வருவது வேறு சிப்பாக இருக்கலாம். குறுந்தட்டில் வரும் டிரைவர் விண்டோஸ் 10-இல் ஏறுமா என்பதும் அதைப் பொறுத்ததுதான்.

எச்டிஎம்ஐ பெட்டி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது 576 வரிப் படத்தை 720 அல்லது 1080 வரியாக இழுத்து, இரண்டு பாதிகளையும் தானே கலந்து, பெரும்பாலும் நொடிக்கு 60 என்று அனுப்புகிறது. 50-ஐ 60 ஆக்கும்போது அசைவு தத்தித் தத்தி வரும். 4:3 படத்தை 16:9-க்கு அகட்டுவதால் சொந்தக்காரர்கள் எல்லோரும் ரெட்டைநாடி ஆகிவிடுகிறார்கள். டிவியில் கேசட்டைப் போட்டுப் பார்க்க அது போதும். காலத்துக்கும் வைத்திருக்கப் போகும் பதிவுக்கு வேண்டாம்.

சரி, யூஎஸ்பி-லைவ்2. கைக்குள் அடங்கும் பெட்டி. மஞ்சள், வெள்ளை, சிவப்பு பின்களுக்கும், வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனியாகக் கொண்டுவரும் எஸ்-வீடியோவுக்கும் இடம் இருக்கிறது. யூஎஸ்பி 2.0. உள்ளே இருப்பது கோனெக்ஸன்ட் சிப். லினக்ஸில் இதற்கான டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது. மைத்துனர் வெளிநாட்டிலிருந்து வரும்போது எனக்காக வாங்கி வந்தார். கூட வரும் மென்பொருளை நான் நிறுவவே இல்லை. கம்பெனி தளத்திலிருந்து டிரைவரை மட்டும் இறக்கி, விர்ச்சுவல்டப் என்ற பதிவு மென்பொருளில் பயன்படுத்துகிறேன். அது இலவசம், பழசு, ஆனால் பதிவு ஓடும்போது எத்தனை படம் விடுபட்டது, எத்தனை செருகப்பட்டது என்று பக்கத்திலேயே எண்ணிக்கை காட்டும். வேறு எதற்காக இல்லாவிட்டாலும் இதற்காகவே அதை வைத்துக்கொள்ளலாம்.

அமைப்பில் நான் வைத்திருப்பது: பிஏஎல்-பி, 720-க்கு 576, நொடிக்கு 25, ஒய்யூஒய்2 நிறம், ஹஃப்யூவ் என்ற தரம் குறையாத சுருக்கம், ஒலி 48 கிலோஹெர்ட்ஸ். இதில் பிஏஎல் என்பதை முதலில் பாருங்கள். என்டிஎஸ்சி (NTSC) என்ற அமெரிக்க முறையில் கிடந்தால் படம் கறுப்பு வெள்ளையாக உருண்டுகொண்டிருக்கும், கருவி கெட்டது என்று திருப்பி அனுப்பிவிடுவீர்கள். அமெரிக்காவிலிருந்து சித்தப்பா அனுப்பிய ஒரு கேசட்டுக்கு மட்டும் நான் என்டிஎஸ்சி-க்கு மாற்ற வேண்டியிருந்தது. அந்த முறையில் 525 வரி, நொடிக்கு 29.97 படம். அதை ஓட்ட மல்டி சிஸ்டம் டெக் வேண்டும். வளைகுடாவிலிருந்து வந்த டெக்குகளில் பல அந்த வகை.

இன்னொன்று, விண்டோஸ் 10, 11 இரண்டும் இந்தக் கருவியின் ஒலியை மைக் போலத்தான் நினைக்கின்றன. தனியுரிமை அமைப்பில் மைக் அனுமதி அணைந்திருந்தால் படம் வரும், ஒலி வராது. நிறையப் பேர் பின்னைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகுவது இதனால்தான்.

ஹஃப்யூவ் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 30 ஜிபி பிடிக்கும். சுருக்காமல் எழுதினால் 75. மூன்று மணி நேரக் கேசட்டுக்குத் தொண்ணூறு ஜிபி என்றால் கொஞ்சம் திகைப்பாகத்தான் இருக்கும். ஆனால் இது ஒருமுறைதான். திருத்தங்கள் முடிந்த பிறகு வேண்டுமானால் சிறிதாக்கிக்கொள்ளலாம். பதிவு செய்யும்போதே தரம் குறையும்படி சுருக்கினால், விஎச்எஸ்ஸின் புள்ளி இரைச்சலை எல்லாம் சுருக்கி முகங்களில் கட்டம் கட்டமாக விழும்.

கெட்டிமேளச் சோதனையில் இது எப்படி? அதே அக்கா கல்யாண கேசட், அதே டெக். முடிவு வரை குச்சியும் சத்தமும் ஒன்றாகவே வந்தன. வேட்டியில் மடிப்பு வந்தது, வெளிச்சத்தை டிரைவரில் ஒரு கொஞ்சம் இறக்கிய பிறகு. அரக்கு நிறக் கூறைப் புடவை ஓரம் கடந்து வழிவது மட்டும் போகவில்லை. அது விஎச்எஸ்ஸின் குணம். நாடாவில் நிறத்துக்குக் கொடுக்கப்பட்ட இடமே அவ்வளவு குறைவு, எந்தக் கருவியும் அதை மாற்றாது. அதேபோல் படத்தின் அடியில் சில வரிகள் கிழிந்தாற்போல் தெரியும். டெக்கில் நாடாவைப் படிக்கும் ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்கு மாறும் இடம் அது. பழைய டிவியில் சட்டத்துக்குப் பின்னால் மறைந்திருந்தது, கணினியில் தெரிகிறது. கருவியைக் குறை சொல்ல வேண்டாம்.

இதன் குறை என்று நான் சொல்வது ஒன்றுதான். ஆடும் வரிகளை இது நேராக்கித் தராது. கிரகப்பிரவேச கேசட்டில் வாசலில் கட்டிய வாழைமரத்தைப் பார்த்தால் தண்டு முழுக்க நெளிந்துகொண்டிருந்தது, மேல் விளிம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இதற்கு டைம் பேஸ் கரெக்டர் என்று தனிக் கருவி உண்டு. தொழில்முறைச் சாமான், விலை தாங்காது. ஆனால் ஒரு வழி இருக்கிறது. பேனசானிக் டிஎம்ஆர்-இஎஸ்10, இஎஸ்15 ஆகிய பழைய டிவிடி ரெக்கார்டர்களில் உள்ளே வரும் சிக்னலை வரி வரியாக நேராக்கி வெளியே அனுப்பும் திறன் இருக்கிறது. டிவிடி எழுத வேண்டியதில்லை, தட்டு போடும் பகுதி கெட்டிருந்தாலும் பரவாயில்லை. டெக்கிலிருந்து அதற்குள் விட்டு, அதிலிருந்து கேப்சர் கருவிக்கு எடுக்க வேண்டியதுதான். கல்யாண டிவிடி கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் ஸ்டுடியோக்காரர்கள் பலரும் ரெக்கார்டர் வைத்திருந்தார்கள். உறையூரில் ஸ்டுடியோவை மூடிய ஒரு வீடியோக்காரரிடமிருந்து எனக்கு இஎஸ்10 கிடைத்தது. மூலையில் தூசியோடு கிடந்தது. இடையில் அதைப் போட்டதும் வாழைமரம் நிமிர்ந்து நின்றது. அந்த வித்தியாசத்தைப் பார்த்தபோது அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். நல்ல கேப்சர் கருவிக்கு மேல் இன்னும் செலவு செய்ய முடியும் என்றால், அதைவிட விலையுள்ள கேப்சர் கருவி தேடாமல் இப்படி ஒரு ரெக்கார்டரைத் தேடுங்கள்.

டெக்கும் அப்படித்தான். விசிஆர், அதாவது டெக், தயாரித்துக்கொண்டிருந்த கடைசிக் கம்பெனியான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. இனிக் கிடைப்பதெல்லாம் பழசுதான், நாள் ஆக ஆகக் குறையும். எஸ்-வீடியோ வெளியீடு உள்ள எஸ்-விஎச்எஸ் டெக் கிடைத்தால் விட வேண்டாம். நாடாவில் வெளிச்சமும் நிறமும் தனித்தனியாகத்தான் இருக்கின்றன. எஸ்-வீடியோவில் தனியாகவே வெளியே வரும். மஞ்சள் பின்னில் இரண்டையும் கலந்து அனுப்பி, கருவி மறுபடி பிரிக்க வேண்டும். மஞ்சள் எழுத்துப் பெயர்களின் ஓரத்தில் எறும்பு ஊர்வதுபோல் புள்ளிகள் நகர்வதைப் பார்த்திருப்பீர்கள், அது இந்தப் பிரிப்பில் வரும் கோளாறு. சாதா டெக்தான் இருக்கிறது என்றால் மஞ்சள் பின்னே போதும், கவலைப்பட வேண்டாம். தலை சுத்தமாக இருப்பது அதைவிட முக்கியம்.

அப்புறம் பூஞ்சை. கேசட்டின் கண்ணாடி வழியாக நாடாச் சுருளின் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளையாகப் பொடி பூத்திருந்தால் டெக்கில் போடவே கூடாது. தலையில் ஒட்டி, அடுத்து போடும் நல்ல கேசட்டுக்கும் போகும். எங்கள் காதுகுத்து கேசட் அப்படித்தான் இருந்தது. நாடாவைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுத்து, சுத்தமான பிறகுதான் ஓட்டினேன். பூஞ்சை இல்லாத கேசட்டையும் பதிவுக்கு முன் ஒருமுறை கடைசி வரை ஓட்டித் திரும்பச் சுற்றிக்கொள்வது நல்லது, வருடக்கணக்கில் ஒரே இறுக்கத்தில் கிடந்த நாடா கொஞ்சம் தளரும்.

ஒலியில் உர்ர்ர் என்று அடி இரைச்சல் கேட்டால் மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். எங்கள் வீட்டில் அதோடு நின்றது. கருவியை யூஎஸ்பி ஹப்பில் செருகாமல் நேரே கணினியில் செருகுங்கள்.

யூஎஸ்பி-லைவ்2 கிடைக்காவிட்டால்? ஜப்பானின் ஐ-ஓ டேட்டா ஜிவி-யூஎஸ்பி2 கருவிக்கு இந்த வேலை செய்பவர்களிடையே நல்ல பெயர், விண்டோஸில் மட்டும் வேலை செய்யும். எல்காட்டோ வீடியோ கேப்சர் மேக் வைத்திருப்பவர்களுக்கு வசதி. ஆனால் அதன் சொந்த மென்பொருள் 4:3 படத்தை 640-க்கு 480 ஆகத்தான் எழுதும். நம்முடையது 576 வரி என்பதால் கிட்டத்தட்ட நூறு வரி அங்கேயே போகிறது. பழைய எடிட்டிங் ஆட்களிடம் கனோபஸ் ஏடிவிசி-110 கிடந்தால், உங்களிடம் ஃபயர்வயர் என்ற பழைய இணைப்பு உள்ள கணினியும் இருந்தால், தயங்காமல் வாங்கலாம். அது டிவி (DV) என்ற டிஜிட்டல் பதிவு முறையில் மணிக்கு 13 ஜிபி எழுதும். படமும் ஒலியும் ஒன்றோடு ஒன்று பூட்டியே வரும். மினிடிவி (MiniDV) கேசட் மட்டும் வைத்திருப்பவர்கள் இதில் எதையும் வாங்க வேண்டாம். அதில் இருப்பதே டிஜிட்டல் பதிவு. கேமராவிலிருந்து ஃபயர்வயர் வழியாக அப்படியே எடுக்கலாம்.

பதிவு முடிந்த பிறகு இரண்டு பாதிகளைச் சேர்க்கும் வேலையை க்யூடிஜிஎம்சி என்ற வடிகட்டிக்கு விடுகிறேன், ஹைப்ரிட் என்ற இலவச மென்பொருளில் இருக்கிறது. நொடிக்கு 50 படமாக எடுக்க வேண்டும். 25 ஆக எடுத்தால் கும்மி அடிக்கும் கைகளின் வேகம் போய்விடும். அவ்வளவு பொறுமை இல்லாதவர்களுக்கு ஹேண்ட்பிரேக் என்ற எளிய மென்பொருள் போதும். முகத்தைத் தெளிவாக்கித் தருகிறேன், 4கே ஆக்கித் தருகிறேன் என்று வரும் ஏஐ மென்பொருள்களைப் பற்றி ஒரு வார்த்தை. பாட்டி பந்தியில் இலை போடும் காட்சியை ஒன்றில் கொடுத்துப் பார்த்தேன். தோல் வழவழப்பாக வந்தது, கண் பளிச்சென்று வந்தது, எட்டுக்கல் பேசரி ஒரு வெள்ளைப் புள்ளியாகிவிட்டது. அது பாட்டி முகமே இல்லை. மங்கலாக இருந்தாலும் கேசட்டில் இருப்பதுதான் அவர். அந்தக் கோப்பை அழித்துவிட்டேன்.

இவ்வளவையும் வீட்டில் செய்ய முடியாதவர்கள் கடையில் கொடுப்பார்கள், அதில் தவறில்லை. கொடுக்கும் முன் எந்தக் கருவியில் ஏற்றுகிறீர்கள், டெக் என்ன மாடல் என்று கேளுங்கள். டிவிடியாகவோ வாட்ஸ்அப் அளவு எம்பி4 ஆகவோ வேண்டாம், 720-க்கு 576 அளவில், பாதிகளைக் கலக்காமல், பிடித்தபடியே ஹார்ட் டிஸ்க்கில் வேண்டும் என்று சொல்லுங்கள். நான் முன்பு கொடுத்த ஒரு கடையில் இரண்டு மணி நேரக் கல்யாணம் அகட்டிய படமாக, ஓரத்தில் அவர்கள் பெயர் பொறித்து வந்தது. ஆகவே முதலில் ஒரே ஒரு கேசட்டைக் கொடுத்து, கடைசி அரை மணி நேரத்தில் வாயும் பேச்சும் சேர்ந்து வருகிறதா என்று பார்த்துவிட்டு மற்றவற்றைக் கொடுங்கள். கேசட்டுகளைத் திரும்ப வாங்க மறக்காதீர்கள். ஏற்றியாகிவிட்டது என்று அவற்றை எடைக்குப் போட வேண்டாம், நாளைக்கு இன்னும் நல்ல டெக் கையில் கிடைத்தால் மறுபடி ஏற்ற அவைதான் வேண்டும்.